புதைபடிவம் உருவாகக் கோடி ஆண்டு தேவையா? (உயர்நிலை வகுப்புக்காக)

யீஷூன்_ஆசிரியை

வணக்கம். உயர்நிலை 2 மாணவர்களின் விடுமுறை வகுப்புக்குப் புதைபடிவங்கள் பற்றித் தமிழில் ஒரு பாடத்தாள் தயாரிக்கிறேன். கையில் கிடைக்கும் குறிப்புகளில் எல்லாம் ஒரே நாலு வரிதான் இருக்கிறது: விலங்கு இறந்தது, சேறு மூடியது, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின, எலும்பு கல்லானது. நடுவில் என்ன நடக்கிறது என்பது எதிலும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: காலம்தான் கல்லாக்குகிறதா? எலும்பு முழுக்கப் போய் அந்த இடத்தில் கல் வருகிறதா? மரம், இலை, சதை எல்லாவற்றுக்கும் ஒரே வழிதானா? சிங்கப்பூரில் ஏன் டைனோசர் எலும்பு கிடைப்பதில்லை? இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வகுப்பில் செய்து காட்ட ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும்.

வண்டல்படுகை

டீச்சர், அந்த நாலு வரியில் மூன்றாவது வரியை முதலில் அடித்துவிடுங்கள். காலம் எதையும் கல்லாக்குவதில்லை. நீரும் அதில் கரைந்த தாதுக்களும்தான் கல்லாக்குகின்றன. அந்த வேலையின் உயிர்நாடியான பகுதி, இறந்த சில வாரங்களில் தொடங்கிச் சில ஆயிரம், சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் நடந்துவிடும். மீதிக் கோடிகள், உருவான படிவம் கரையாமலும் நொறுங்காமலும் தப்பிக் கிடந்த காலம். இதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அழுகலுக்கும் தாதுப் படிவுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் என்று சொல்லிக் கொடுங்கள். உயிர் போன சில மணி நேரத்தில் உடலின் சொந்த நொதிகளே செல்களைக் கரைக்கத் தொடங்கும். பிறகு குடல் பாக்டீரியா பெருகி வாயு சேர்ந்து உடல் ஊதும். நம் வெப்பத்தில் சிறிய விலங்கின் எலும்பு ஓரிரு வாரங்களில் வெளியே தெரிந்துவிடும். எலும்பும் வெளியில் கிடந்தால் நிற்காது. அன்னா பெஹ்ரன்ஸ்மேயர் கென்யாவின் அம்போசெலிச் சமவெளியில் கிடந்த எலும்புகளைப் பார்த்து 1978இல் சிதைவை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்தார். பெரிய பாலூட்டியின் எலும்புகூட ஏறத்தாழ 15 ஆண்டுகளில் விரிந்து, உதிர்ந்து, கடைசி நிலைக்கு வந்துவிடுகிறது.

ஆகவே புதைவது முதல் படி. ஆற்று வெள்ளம், புயல் கிளப்பிய கடலடிச் சேறு, எரிமலைச் சாம்பல் இவை சில மணி நேரத்தில் மூடிவிடும். மூடினால் பிணந்தின்னிகள் எட்டாது, வெயில் படாது, ஆக்சிஜன் குறையும்.

கேலாங்_காரன்

அப்படியானால் வேகமாகப் புதைந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா? சுங்கை பூலோ பக்கத்துச் சதுப்புச் சேற்றில் தினமும் எத்தனையோ நண்டும் மீனும் புதைகின்றன. அவை எல்லாம் புதைபடிவமாகிவிடுமா?

வண்டல்படுகை

ஆகாது. பல பாடநூல்கள் விட்டுவிடும் இடம் இதுதான்.

சதுப்புச் சேற்றில் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் இறங்கினாலே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆனால் அழுகல் தீராது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் பாக்டீரியா நைட்ரேட்டை எடுக்கும், பிறகு இரும்பு ஆக்சைடை, பிறகு கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருப்பதால் அதற்குத் தட்டுப்பாடே வராது. சதுப்பில் வரும் அழுகிய முட்டை நாற்றம் அந்த வேலையின் அடையாளம். ஆக்சிஜன் இல்லாமை பிணந்தின்னிகளைத் தடுக்கும். சதையை அது மட்டும் காப்பாற்றாது.

சேற்றைக் கிளறும் உயிரினங்களும் உண்டு. நம் சதுப்புகளில் மேடு மேடாக மண்ணைத் தள்ளும் சிங்கி இறால் ஆழத்துச் சேற்றை மேலே கொண்டுவருகிறது. அதன் வளைக்குள் ஆக்சிஜன் உள்ள நீர் போகிறது. புதைந்தது மறுபடி வெளியே வந்துவிடும். அடுக்கு கலையாமல் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. சுற்றியுள்ள நீர் எலும்பையோ ஓட்டையோ கரைக்காததாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. அந்த நீரில் படியக்கூடிய தாது போதிய அளவு இருக்க வேண்டும் என்பது நான்காவது.

எலும்புவேதியல்

மூன்றாவது நிபந்தனையை எலும்பிலிருந்து பார்ப்போம். டீச்சரின் இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில்.

உயிருள்ள எலும்பின் எடையில் 65 முதல் 70 விழுக்காடு தாது. அது அப்படைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் வகை. 20 முதல் 25 விழுக்காடு கொல்லாஜன் புரதம், மீதி பெரும்பாலும் நீர். அதாவது எலும்பின் பெரும்பகுதி முதலிலிருந்தே தாதுதான். "எலும்பு போய்க் கல் வந்தது" என்றால் பெரும்பாலான படிவங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பாஸ்பேட் அங்கேயேதான் இருக்கிறது. நடப்பது இரண்டு.

முதலாவது, நுண்ணிய அப்படைட் படிகங்கள் பெரிதாகின்றன. கொல்லாஜன் உதிரும் இடத்தில் அவை வளர்கின்றன. நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை இழுத்துக்கொண்டு, கரைதிறன் குறைந்த ஃபுளோர் அப்படைட்டாக மாறுகின்றன. கூடவே யுரேனியம், அருமண் தனிமங்களும் ஏறும். புதைந்து கிடக்கக் கிடக்க ஃபுளோரின் கூடுவதால், ஒரே இடத்தில் எடுத்த எலும்புகள் உண்மையில் ஒரே காலத்தவையா என்று சோதிக்கலாம். இங்கிலாந்தில் ஆதிமனிதனுடையது என்று காட்டப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு பழமையானதல்ல என்ற ஐயத்தை 1949இல் உறுதியாக்கியது கென்னத் ஓக்லி செய்த ஃபுளோரின் சோதனை. 1953இல் மோசடி முழுதாக வெளிப்பட்டது.

இரண்டாவது, துளைகள் நிரம்புகின்றன. இரத்தக்குழாய் போன கால்வாய்கள், மஜ்ஜை இருந்த பஞ்சு எலும்பின் அறைகள் எல்லாவற்றிலும் கால்சைட், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு போன்றவை படியும். படிவ எலும்பு கையில் கனமாக இருப்பதும் நிறம் மாறியிருப்பதும் இதனால்தான். சீவி மெருகேற்றிய மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் பத்துக் கோடி ஆண்டு எலும்பிலும் கால்வாய்களின் வளையங்கள் கலையாமல் தெரியும். அசல் எலும்பு போய்விட்டிருந்தால் அவை தெரிந்திருக்காது.

இனி, எது கெடுக்கும்? அமில நீர். அப்படைட் நடுநிலைக்கு அருகில் அல்லது சற்றுக் காரமான நீரில் தாக்குப்பிடிக்கும். பிஎச் 5 அளவுக்கு இறங்கினால் கரைந்துகொண்டே போகும். சிப்பி ஓடு இன்னும் மென்மையானது. அதன் கால்சியம் கார்பனேட் அரகோனைட் வடிவில் இருந்தால் சீக்கிரம் கரையும், கால்சைட்டாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். ஒரே பாறையில் ஒரு வகைச் சிப்பி முழுசாகவும் இன்னொரு வகை வெறும் குழிவாகவும் இருப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

யீஷூன்_ஆசிரியை

நன்றி. குழிவு என்றீர்களே, அது அச்சு என்று பாடத்தில் வருவதுதானே?

எலும்புவேதியல்

அதேதான். ஓடு கரைவதற்குமுன் சுற்றியுள்ள சேறு இறுகியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முன்னரே கரைந்தால் சேறு சரிந்து குழிவு மூடிக்கொள்ளும், எந்தத் தடயமும் மிஞ்சாது. குழிவில் பிறகு வேறு தாது நிரம்பினால் அது வார்ப்பு. ஓட்டின் உள்ளே சேறு புகுந்து இறுகி, வெளி ஓடு கரைந்தால் உள்வார்ப்பு கிடைக்கும். உள்வார்ப்பில் ஓட்டின் வெளிப்புற வரிகளைத் தேடக்கூடாது, அவை அங்கே இருக்கவே இருக்காது. மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம்.

கல்மரம்

மரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்குப் போகும் குடும்பங்கள் விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையையும், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரையும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். திருவக்கரைக் கல்மரங்களைப் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1781இலேயே பதிவு செய்திருக்கிறார். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. சாத்தனூர் மரம் கிரெட்டேசியக் காலத்தது, 18 மீட்டருக்கு மேல் நீளம், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளிக்கொணர்ந்தார்.

திருவக்கரையில் பார்க்க வேண்டியது, அங்கே இல்லாதவற்றை. கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை, பட்டையும் அரிது. படுத்த நிலையில் வெறும் அடிமரங்கள். காடு நின்ற இடத்திலேயே கல்லாகியிருந்தால் வேர்க்கட்டைகள் நட்டுக்கொண்டு நிற்கும். ஆற்றில் உருண்டு அடிபட்டு வந்து மணலில் புதைந்த மரங்கள் அவை.

வேதியியல் இப்படி. மரச்சுவரில் உள்ள செல்லுலோசும் லிக்னினும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்தவை. நீரில் கரைந்த சிலிசிக் அமிலம் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டும். முதலில் செல்சுவரின் மேல் மெல்லிய பூச்சு, பிறகு சுவருக்குள், கடைசியில் நடுவெற்றிடம். முதலில் படிவது படிகமற்ற ஓப்பல் வகைச் சிலிக்கா. காலப்போக்கில் அது நீரை இழந்து ஒழுங்குபட்டுக் குவார்ட்ஸ் ஆகும். செல்சுவர் அழுகுவதற்குமுன் பூச்சு விழுந்திருந்தால் வளர்வளையம், நாளங்கள், துளைகள் எல்லாம் எண்ணக்கூடிய அளவுக்குத் தெரியும். பூச்சு பிந்தினால் உருவம் மட்டும் மரமாக இருக்கும். உள்ளே வெறும் அகேட் என்னும் சிலிக்காக் கல்.

சிலிக்கா எங்கிருந்து வரும் என்றால், எரிமலைச் சாம்பல் சிதைந்தால் ஏராளமாக வரும். மணற்பாறையின் களிகளும் ஃபெல்ஸ்பாரும் சிதைந்தும் வரும், மெதுவாக. சிவப்பும் மஞ்சளும் இரும்பு, கருமை மாங்கனீசு அல்லது மிஞ்சிய கரிமம்.

காலம் பற்றி வண்டல்படுகை சொன்னதற்குச் சான்று ஜப்பானில் இருக்கிறது. தாதேயாமா வெந்நீர் ஊற்றில் கிடந்த மரத்துண்டுகளில் 7 ஆண்டில் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை சிலிக்கா ஏறியிருந்ததை 2004இல் வெளியிட்டார்கள். சிலிக்கா மிகுந்த சுடுநீர் என்பதால் அவ்வளவு வேகம். சாதாரண நிலத்தடி நீரில் அதே வேலை மிக மெதுவாக நடக்கும். அது வரை மரம் அழுகாமலிருக்க நீர்மட்டத்துக்குக் கீழேயே கிடக்க வேண்டும். லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் தேவை என்பதால் அந்த வகையில் மரத்துக்கு ஒரு வாய்ப்பு அதிகம். நீர்மட்டம் ஏறி இறங்கும் மண்ணில் மரம் தப்பவே தப்பாது.

சாங்கி_மகரந்தம்

இலை வேறு வழி. இலையில் தாது ஏறுவது அபூர்வம். நுண்மையான சேற்றில் தட்டையாக அமுங்கி, ஆழம் கூடக் கூட ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வாயுக்களாக வெளியேறி, கடைசியில் கரிமப் படலம் மட்டும் மிஞ்சும். அந்தப் படலமும் உதிர்ந்தால் நரம்புகளின் பதிவு மட்டும். மணலில் இலைப் படிவம் தேடுவது பெரும்பாலும் வீண். மணல் துகள் நரம்பைவிடப் பருமன், நீரும் காற்றும் தாராளமாக ஊடுருவும்.

இலையில் கடைசி வரை நிற்பது மேலுறை மெழுகுப் படலம். இலைத்துளைகளின் வடிவம் அதில் பதிந்திருக்கும். சில மரங்களில் அந்தத் துளைகளின் அடர்த்தியிலிருந்து அக்காலக் கரியமிலவாயு அளவைக் கணிக்கிறார்கள்.

செடியில் எல்லாவற்றையும்விட உறுதியானது மகரந்தத் தூள். அதன் புற உறை ஸ்போரோபொல்லெனின் என்னும் பொருளால் ஆனது. பாறையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் சிலிக்கேட்டைக் கரைத்த பிறகும் மகரந்தம் முழுசாக மிஞ்சும். (பயிற்சி பெற்றவர்கள் காற்றுறிஞ்சி உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்வது. பள்ளியில் பேச்சுக்குக்கூட முயல வேண்டாம், அந்த இரண்டாவது அமிலம் தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும்.) ஆனால் மகரந்தத்துக்கும் ஒரு பகை உண்டு: காற்று. காய்ந்து நனைந்து மாறி மாறிக் கிடக்கும் மண்ணில் ஆக்சிஜனேற்றம் அதையும் தின்றுவிடும்.

கேலாங்_காரன்

குங்கிலியத்தில் பூச்சி மாட்டுவதும் புதைபடிவம்தானே? கடைகளில் அம்பர் என்று விற்பதில் எது உண்மை?

சாங்கி_மகரந்தம்

ஆம். மரப்பிசினின் எளிதில் ஆவியாகும் பகுதி வெளியேறி, மீதி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பல்லுறுப்பியானால் அம்பர். அந்தப் பிணைப்பு முடியாத இளம் பிசின் கோபல். நம் பக்கத்திலேயே சரவாக்கின் மெரிட் பிலா நிலக்கரி வயலில் மயோசீன் கால அம்பர் கிடக்கிறது, டிப்டெரோகார்ப் மரங்களின் பிசின். குங்கிலியம் தரும் மரமும் அதே குடும்பம்தான்.

சோதனை எளிது. நகச்சாயம் அகற்றும் அசிட்டோன் ஒரு துளியை மறைவான ஓரத்தில் வைத்து ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் கோபல் பிசுபிசுக்கும், அம்பர் பிசுபிசுக்காது. உப்பு முடிந்தவரை கரைந்த நீரில் அம்பரும் கோபலும் மிதக்கும், பெரும்பாலான நெகிழிகள் மூழ்கும். மிதக்கும் நெகிழியும் உண்டு என்பதால் இந்த இரண்டாவது சோதனையை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

சாளக்கிராமம்

டீச்சர் சதை பற்றிக் கேட்டிருக்கிறார், அதை யாரும் இன்னும் தொடவில்லை.

சதை படிவமாக வேண்டுமானால் தாது அழுகலை முந்த வேண்டும். அது நடக்கிறது, ஆய்வகத்திலேயே காட்டியிருக்கிறார்கள். டெரெக் பிரிக்ஸும் அமண்டா கியரும் 1990களில் இறால்களை மூடிய கலன்களில் அழுக விட்டார்கள். இரண்டு வாரத்தில் தசைநார்களில் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கியது. பாஸ்பேட் பெரும்பாலும் இறாலின் உடலிலிருந்தே வந்தது. அழுகும்போது வரும் அமிலம் பிஎச்சை இறக்கிப் பாஸ்பேட் படிய வழி செய்தது. ஆக, அழுகல் முழுக்கவும் எதிரி என்று பாடத்தில் எழுத வேண்டாம். தாதுவை இறக்கிவைப்பதும் பல நேரம் அதே பாக்டீரியாதான்.

இரண்டாவது சான்று நம் பூஜையறைகளில் இருக்கிறது. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லின் சக்கரம், அம்மோனைட் என்னும், கணவாய்க்கு உறவான, அழிந்துபோன ஜுராசிக் காலக் கடலுயிரியின் ஓட்டுச் சுருள். அந்தக் கரிய கல் உருண்டை எப்படி வந்தது என்பதுதான் சுவையான பகுதி. சேற்றில் புதைந்த அம்மோனைட்டின் சதை அழுகும்போது பைகார்பனேட் வெளியேறிச் சுற்றியுள்ள நீரின் கால்சியத்தோடு சேர்ந்து, சேற்றுத் துகள்களைக் கால்சைட்டால் ஒட்டிவிடுகிறது. உடலைச் சுற்றி உருண்டையாக ஒரு கவசம். நாகோயாவில் செய்த கணிப்பின்படி சிறு உருண்டைகள் வாரங்களிலோ மாதங்களிலோ இறுகிவிடும். மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் சேறு ஏறிச் சுற்றுப்புறம் நசுங்கினாலும் உருண்டைக்குள் இருப்பது நசுங்குவதில்லை. உருண்டைக்கு வெளியே கிடந்த அதே அம்மோனைட் காகிதமாகத் தட்டையாகிக் கிடக்கும்.

நீரில் சல்ஃபேட்டும் இரும்பும் நிறைய இருந்தால் பைரைட் (இரும்பு சல்ஃபைடு) படியும், கடலில் வழக்கம். சல்ஃபேட் குறைந்த, நன்னீர் கலந்த கழிமுகத்தில் பைரைட்டுக்குப் பதில் இரும்புக் கார்பனேட், அதாவது சிடரைட். இல்லினாயின் மசோன் கிரீக் உருண்டைகள் சிடரைட், 30 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. உள்ளே ஜெல்லிமீன் வரை பதிவாகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உருண்டையாக எதைக் கண்டாலும் டைனோசர் முட்டை என்று பரப்பாதீர்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் அப்படித்தான் செய்தி ஓடியது. அவை நான் மேலே சொன்ன வகை உருண்டைகள். முட்டையானால் ஓடு இருக்கும். உடைந்த ஓரத்தில் சீரான, சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓட்டு அடுக்கும், அதன் மேல் மூச்சுத் துளைகளும் தெரிய வேண்டும்.

துளைக்கருவி

சிங்கப்பூர்க் கேள்விக்கு நான் பதில் தருகிறேன். தீவை நாலு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவே புக்கிட் தீமா கிரானைட். நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு ஆறி உறைந்தது. அதில் எந்த உயிரினத்தின் படிவமும் இருக்க வழியே இல்லை.

மேற்கிலும் தெற்குத் தீவுகளிலும் டிரையாசிக், ஜுராசிக் காலப் படிவுப்பாறை. முன்பு மொத்தமாக ஜூரோங் பாறை என்றார்கள். கட்டட, கட்டுமான ஆணையம் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து ஆழ்துளை மாதிரிகளை ஆராய்ந்தபின் ஜூரோங், செந்தோசா என்று இரண்டு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே புதைபடிவம் உண்டு! மவுண்ட் கத்ரியில் புவியியலாளர் ஸ்கிரிவெனர் எடுத்த இருவோட்டுச் சிப்பிகளை ஆர்.பி. நியூட்டன் என்ற புதைபடிவ ஆய்வாளர் 1906இலேயே விவரித்து வெளியிட்டார். சிங்கப்பூரில் படிவமே கிடையாது என்று பாடத்தாளில் எழுதிவிடாதீர்கள். டைனோசர் எலும்பு இதுவரை இல்லை, அவ்வளவுதான். இந்தப் பாறைகளும் மடிந்து, நொறுங்கி, வெப்ப மண்டல மழையில் ஆழம் வரை சிதைந்து சிவந்த களியாகியிருக்கின்றன. மேலே கட்டடம். வெட்டுமுகம் தெரியும் இடங்கள் லாப்ரடார், செந்தோசா போன்ற சில கடலோரங்களே.

கிழக்கே பிடோக், தெம்பனிஸ், சாங்கி வரை பழைய வண்டல். மணலும் சரளையும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து அமில நீர் தொடர்ந்து ஊடுருவும் மண். எலும்புவேதியல் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், எலும்போ ஓடோ அதில் கிடந்திருந்தாலும் ஏன் மிஞ்சவில்லை என்று புரியும்.

நாலாவது, காலாங், மரினா, கேலாங் அடியில் உள்ள கடற்களி. பாடத்துக்கு இதுதான் பொன்னான எடுத்துக்காட்டு. மேலே ஒரு மென்களி, கீழே ஒரு மென்களி, நடுவே கெட்டியான, சிவப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாக உள்ள ஒரு அடுக்கு. மேல்களி கடந்த சுமார் 10,000 ஆண்டுகளில் படிந்தது. சாம்பல் நிறம், சிப்பித் துண்டுகள், மரத்துண்டு, கரிய மட்கு எல்லாம் உண்டு. நடு அடுக்கோ, பனியூழிக் காலத்தில் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே போனபோது கீழ்க்களியின் மேற்பரப்பு காற்றுக்கு வெளிப்பட்டுக் காய்ந்து துருவேறியது. கரிமப் பொருள் எரிந்துபோனதுபோல் அதிலிருந்து மறைந்துவிட்டது. ஒரே களி, ஒரே ஊர். நீருக்கடியில் கிடந்த பகுதி உயிரினத் தடயத்தைக் காத்தது, காற்றுப் பட்ட பகுதி அழித்தது. ஆழ்துளை மாதிரியின் படம் ஒன்று கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஒரு மணி நேர விளக்கத்துக்குச் சமம்.

மேல்களியின் சிப்பிகளைப் புதைபடிவம் என்று சொல்வதில்லை. வழக்கமான எல்லை 10,000 ஆண்டு. ஆனால் படிவமாகும் வழியில் பாதி தூரம் வந்தவை.

டைனோசர் எலும்பைக் கிட்ட நின்று பார்க்க லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போதும். அங்கே உள்ள மூன்று நீள்கழுத்து டைனோசர்கள் அமெரிக்காவின் வயோமிங்கில், 15 கோடி ஆண்டு பழமையான மாரிசன் பாறையில் எடுத்தவை.

யீஷூன்_ஆசிரியை

துளைக்கருவி சார், இந்தக் களி விளக்கத்தை அப்படியே பாடத்தில் சேர்க்கிறேன். வகுப்பில் செய்து காட்ட யாராவது சொல்லுங்களேன். பலரும் கடற்பஞ்சு செய்முறை சொல்கிறார்கள், அது சரியா?

எலும்புவேதியல்

சரிதான், எதைக் காட்டுகிறது என்று தெரிந்து செய்தால். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எலும்பு வடிவில் வெட்டுங்கள். புதுப் பஞ்சில் சவர்க்காரம் ஏற்றி வைத்திருப்பார்கள், நன்றாக அலசிப் பிழிந்து காய வையுங்கள். அடியில் நாலைந்து ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் மணல், பஞ்சு, மறுபடி மணல். மருந்துக்கடை எப்சம் உப்பைச் சுடுநீரில், இனிக் கரையாது என்று அடியில் கொஞ்சம் நிற்கும் வரை கரைத்து, தெளிந்த நீரை நாளுக்கு இரண்டு முறை மேலே ஊற்றுங்கள். ஐந்து நாள். பிறகு துளையை அடைக்காமல் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். நம் ஈரப்பதத்தில் காய இன்னும் ஒரு வாரம் பிடிக்கும். வெளிநாட்டுக் குறிப்பில் இரண்டு நாள் என்று இருக்கும், அவசரப்பட்டு எடுத்தால் பஞ்சு வளையும்.

கெடும் இடங்கள்: துளை இல்லாவிட்டால் உப்பு எல்லாம் மேல்மணலில் ஓடு கட்டிவிடும். பஞ்சு ஈரமாக இருந்தால் கரைசல் நீர்த்துப்போகும். சாப்பாட்டு உப்பு போட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துத் திரும்பத் திரும்பக் கசியும்.

மாணவர்களிடம் தவறாமல் சொல்ல வேண்டியது: இது துளை நிரம்புவதை மட்டும் காட்டுகிறது. இங்கே நீர் ஆவியாகிப் படிகம் வருகிறது. இயற்கையில் பெரும்பாலும் நீர் வற்றுவதே இல்லை. அதன் வேதித்தன்மை மாறுவதால் தாது பிரிந்து படிகிறது.

சாளக்கிராமம்

அச்சும் வார்ப்பும் வேண்டுமானால் பிளாஸ்டர். சந்தையில் வாங்கிய சிப்பி ஓட்டுக்கு வாசலின் மெல்லப் பூசிக் களிமண்ணில் அழுத்தி எடுங்கள். அந்தக் குழிவில் ஊற்ற, 100 கிராம் பிளாஸ்டருக்கு 60 முதல் 70 கிராம் நீர். நீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் நீரை ஊற்றக்கூடாது, கட்டி விழும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள், வேகமாகக் கலக்கினால் குமிழி. முக்கால் மணி நேரம் கழித்து எடுக்கலாம். கெட்டியாகும்போது சூடேறும், விரலையோ கையையோ உள்ளே வைத்து அச்செடுக்க விடாதீர்கள். மீதியைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். குப்பைப் பையில் இறுகவிட்டு எறியுங்கள்.

ஓட்டை அழுத்தும் களிமண் மென்மையாக இருக்கும்போதே அதை எடுத்துவிட்டுக் கோப்பையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுங்கள். குழிவு சரியும். சேறு இறுகுமுன் ஓடு கரைந்தால் என்ன ஆகும் என்ற பாடம் அதிலேயே வந்துவிடும்.

கேலாங்_காரன்

இன்னொரு கேள்வி. இணையத்தில் வாங்கிய பொன்னிறப் பைரைட் அம்மோனைட்டில் இப்போது வெள்ளை, மஞ்சள் பொடி பூக்கிறது. கீழே வைத்த அட்டையும் கருகியதுபோல் ஆகிறது. கழுவலாமா?

எலும்புவேதியல்

கழுவாதீர்கள். ஈரம்தான் நோயே. பைரைட் ஆக்சிஜனோடும் நீராவியோடும் சேர்ந்து இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் ஆகிறது. அந்தப் பொடி சல்ஃபேட், அட்டையைத் தின்றது அமிலம். சல்ஃபேட்டின் பருமன் கூடுதல் என்பதால் உள்ளிருந்து பிளக்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். நம் ஊரில் சராசரியே 80க்கு மேல். குளிர்பதன அறையும் அணைத்த நேரத்தில் ஏறிவிடும். பளபளப்பான பெரிய படிகம் தாங்கும், மாவுபோன்ற நுண்படிகப் பைரைட் தாங்காது.

உலர்ந்த மென்தூரிகையால் பொடியைத் தட்டிவிடுங்கள், கையுறையோடு, மற்ற கற்களுக்குப் பக்கத்தில் வைக்காமல். பிறகு கேமரா வைக்கும் மின் உலர்பெட்டி இருந்தால் 40 விழுக்காட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் காயவைத்து மறுபடி போடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே உலர்பெட்டிக்குள் தள்ளாதீர்கள். முழுதாகக் கல்லாகாத எலும்பு, தந்தம், களிப்பாறை இலைப்பதிவு இவை அவ்வளவு உலர்ந்தால் வெடிக்கும். 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக வைப்பது அவற்றுக்கு நல்லது. சிப்பி ஓடுகளை ஒட்டுப்பலகை அலமாரியில் வைக்காதீர்கள். பலகையும் பசையும் விடும் அசிட்டிக் ஆவி கார்பனேட்டைத் தின்று வெள்ளை முடியாகப் பூக்கும்.

துளைக்கருவி

வெடிப்பு வந்தால் வெள்ளைப் பசையும் உடனடிப் பசையும் வேண்டாம், பிற்பாடு கழற்ற முடியாது. அரும்பொருளகங்கள் பாராலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகின்றன. இறுக்கத்துக்கு எடையில் 5 விழுக்காடு, ஒட்டுவதற்குக் கெட்டியாக. வேண்டாதபோது அசிட்டோனாலேயே எடுத்துவிடலாம். ஈரக்காற்றில் பூசினால் அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து வெண்படலம் விழும். உலர்ந்த நாளில், ஜன்னல் திறந்து, அடுப்பு அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுங்கள். பைரைட் துண்டானால் பொடி முற்றிலும் நின்ற பிறகுதான். அமிலத்தை உள்ளே வைத்துப் பூசினால் உறைக்குள்ளேயே நொறுங்கும்.

டீச்சர், லாப்ரடார் இயற்கை வனப்பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதானால் சுத்தியல் எடுத்துப் போக வேண்டாம். அனுமதியின்றி அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் அடுக்கின் தடிப்பையும் சாய்வையும் வகுப்பில் அளக்கலாம். அங்கே போகுமுன் கடல் இறங்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.